கம்பி வேலியை ஒட்டிக் கிளுவை வைத்து உயிர்வேலி எழுப்புவது எப்படி?

தோட்டத்தின் கம்பி வேலி துருப்பிடித்து வருவதால் அதை ஒட்டி உயிர்வேலி வளர்க்க விரும்புவதாகவும், எந்தச் செடியை எப்போது, எப்படி நடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காங்கேயத்துக்குத் தெற்கே உள்ள எங்கள் தோட்டத்தின் மேற்கு எல்லையில் 300 அடி நீளத்துக்குக் கிளுவை என்னும் முட்செடியை வேலியாக வைத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. முதல் முறை நட்டதில் பெரும்பகுதி அழுகிப்போனதால், மறு ஆண்டு மீண்டும் நட்டு எழுப்பிய வேலி அது. ஆகவே செடியைப் பற்றிச் சுருக்கமாகவும், நடும் காலத்தையும் கவாத்தையும் பற்றி விரிவாகவும் சொல்கிறேன்.

எங்கள் பகுதியில் ஆண்டு மழை 600 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அந்த மழையை மட்டுமே நம்பி, கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றிக் கிளுவை தலைமுறைகளாக நின்று வருகிறது. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் இருக்க, வேலி கெட்டியாக இருக்கிற ஒரே காரணத்தால், மேய்ப்பதற்கு ஆள் நிற்காமலேயே மாடுகள் அங்கு நாள் முழுவதும் மேய்கின்றன. செம்மண்ணும் சரளையும் உள்ள, வெயில் நன்றாக விழும் இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேலிச் செடியை நான் கண்டதில்லை. உங்கள் எல்லையில் நீர் தேங்கும் பகுதி இருந்தால் அங்கே மட்டும் நொச்சியை வையுங்கள். கோட்டை மதிலைக் காத்து நின்றவர்கள் சூடிய பூ என்று இலக்கணம் சொல்லும் அதே நொச்சிதான் இது. வேலியோரத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பொருத்தம் என் நினைவுக்கு வரும். திருகுகள்ளியைப் பலர் பரிந்துரைப்பார்கள். அதன் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு உண்டாகும் என்பதால், குழந்தைகள் நடமாடும் தோட்டத்தில் அது வேண்டாம்.

கிளுவையை விதையிட்டு வளர்ப்பதில்லை; போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டித்தான் நடுகிறோம். நான் முதல் முறை செய்த தவறு இதில்தான் நேர்ந்தது. மழைக்காலத்தில் எதை நட்டாலும் பிழைக்கும் என்று எண்ணி, ஐப்பசி அடைமழையில், இலையோடு இருந்த கிளைகளை வெட்டி அன்றே நட்டேன். சதைப்பற்றுள்ள அந்தத் தண்டுகளின் வெட்டுவாய் ஈர மண்ணில் அழுகி, தை மாதத்தில் தொட்ட இடமெல்லாம் கையோடு வந்தது. கோடையில் கிளுவை இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும். அந்த நிலையில், முதல் மழைக்கு முன்பாகவே போத்து வெட்டி, நான்கைந்து நாள் நிழலில் கிடத்தி, வெட்டுவாய் காய்ந்து மூடிய பிறகு நட வேண்டும் என்று பக்கத்துக் காட்டுப் பெரியவர் சொல்லித் தந்தார். மறு ஆண்டு அப்படியே செய்ததில் பத்தில் எட்டுக்கு மேல் பிழைத்தன.

போத்து கட்டை விரலைவிடப் பருமனாகவும், மூன்றரை முதல் நான்கு அடி நீளமாகவும் இருக்கட்டும். அடிப்பக்கத்தைச் சாய்வாகவும் நுனியை நேராகவும் வெட்டினால், நடும்போது தலைகீழாகிவிடாமல் அடையாளம் தெரியும். கம்பி வேலியிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நடுங்கள். அப்போதுதான் இரு புறமும் நின்று வெட்ட இடம் இருக்கும், கிளைகள் கம்பியோடு பின்னிக்கொள்ளாது, வெளியே போகும் ஆடுகள் கழுத்தை நீட்டித் துளிரைக் கடிக்கவும் முடியாது. கிளுவைத் தழையை ஆடுகள் மிகவும் விரும்பி உண்ணும் என்பதால், பழைய கம்பி வேலியை இன்னும் மூன்று ஆண்டுகளுக்காவது பிரிக்காமல் வைத்திருப்பது நல்லது.

கடப்பாரையால் ஓரடி ஆழத்துக்குக் குழி போட்டு, அதில் போத்தை இறக்கி, காற்று தங்காதபடி மண்ணைக் காலால் நன்றாக மிதித்துவிட வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்து அதுவே அழுகலுக்கு வழியாகும். அரை அடிக்கு ஒன்றாக, 300 அடிக்கு எனக்கு 600 போத்துகள் தேவைப்பட்டன. ஒன்றை வலப்புறமும் அடுத்ததை இடப்புறமும் சாய்த்து, குறுக்கும் நெடுக்குமாக வரும்படி நட்டு, சேரும் இடங்களைப் பனை நாரால் கட்டினேன். இதனால் நட்ட நாளிலேயே தட்டி போன்ற ஓர் அமைப்பு கிடைத்துவிடுகிறது.

நட்ட சில வாரங்களில் போத்துகள் துளிர்க்கும். தண்டில் தேங்கியிருக்கும் நீரைக் கொண்டு வருகிற துளிர் அது. அதைக் கண்டு வேர் பிடித்துவிட்டதாக எண்ணி, ஆட்டிப் பார்க்கவோ, தண்ணீரை அள்ளி ஊற்றவோ கூடாது. மழை வராவிட்டால் வாரம் ஒரு முறை மண் நனையும் அளவுக்கு விட்டாலே போதும். வராமல் போன போத்துகளைக் குறித்து வைத்து, அடுத்த கோடைக் கடைசியில் தவறாமல் அங்கே புதியவற்றை நடுங்கள். ஓர் இடைவெளியை ஓர் ஆண்டு விட்டுவைத்தால், இருபுறச் செடிகளின் நிழலில் பின்னர் அங்கே எதுவும் வருவதில்லை.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது கவாத்து. வேலி உயரமாக வளர்வதைப் பார்த்து மகிழ்ந்து வெட்டாமல் விட்டவர்களின் வேலிகளில், தலைக்கு மேல் தழை அடர்ந்திருக்க, அடியில் ஆட்டுக்குட்டிகள் எளிதாக நுழைந்து போவதைப் பார்த்திருக்கிறேன். மனம் வராவிட்டாலும், இரண்டாம் ஆண்டு மழைக்கு முன்பு அனைத்தையும் இரண்டடி உயரத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து பல கிளைகள் பக்கவாட்டில் வெடித்து வரும். அந்தச் சிறு கிளைகளின் கூர்த்த நுனிகள்தான் வேலியின் முள். அதன் பிறகு ஆண்டுக்கு அரை அடி மட்டும் உயரவிட்டு, அடி அகன்றும் மேல் குறுகியும் இருக்கும்படி வெட்டி வந்தால், அடிக்கிளைகளுக்கும் வெயில் கிடைத்து அவை காயாமல் நிற்கும்.

போத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கோடையில் பழைய வேலிகளைக் கழிக்கும் நேரத்தில் அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் கேட்டால் வண்டி நிறையத் தருவார்கள். நடத் தொடங்கும் முன், மாட்டு வண்டியோ டிராக்டரோ நுழையும் அளவுக்குக் கடவு எங்கே வேண்டும் என்று முடிவு செய்து, அந்த இடத்தைக் குச்சி ஊன்றி ஒதுக்கி வைத்துவிடுங்கள். நான் அதை மறந்ததால், நன்கு வேர் பிடித்த 20 செடிகளைப் பின்னர் தோண்டி எடுக்க நேர்ந்தது.