பித்தளைத் தோட்டா உறைக்கு அனீலிங் எதற்கு? ஊட்டிக் குளிரில் எந்த இயந்திரம் சரிவரும்?

அனீலிங் என்றால், இறுகிப்போன உலோகத்தைச் சூடாக்கி மறுபடி இளக வைப்பது. தோட்டா உறை 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. ஒவ்வொரு முறை சுடும்போதும் அதன் கழுத்து, அதாவது குண்டைப் பிடித்திருக்கும் வாய்ப்பகுதி, விரியும்; மறுபடி பயன்படுத்த அச்சில் இட்டு ஒடுக்குவார்கள். ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்தால் முதலில் விறைத்து, பிறகு படக்கென்று ஒடியுமே, அதே கதைதான். உள்ளே படிகங்கள் குலைந்து நெருக்கியடித்துக் கிடக்கும். சூடு பட்டால் புதுப் படிகங்கள் உருவாகி இறுக்கம் தளரும்.

சூடு கழுத்துக்கும், அதற்குக் கீழே உறை அகலும் சரிவான தோளுக்கும் மட்டும். அடிப்பகுதி இளகினால் வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்காது. சுடுபவர் முகத்துக்கே ஆபத்து. ஆகவே இயந்திரத்தின் வேகத்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வோர் உறைக்கும் ஒரே சூடு, ஒரே நேரம் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

கேஸ் சுடர் வகை மலிவு. ஆனால் ஊட்டியில் டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலையில் சிலிண்டர் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், சுடர் சுருங்கும்; நேற்று மதியம் வைத்த நேரக்கணக்கு செல்லாது. இண்டக்‌ஷன் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை, வோல்டேஜ் நிலையாக இருந்தால். என் ஓட்டு அதற்கே. (இந்தியாவில் தோட்டா தயாரிக்க 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். அது இல்லாமல் இயந்திரம் தேடுவதே வீண்.)

சூடான உறையைத் தண்ணீரில் போட்டால் இறுகிவிடும் என்பார்கள். அது அரிவாள் எஃகுக்குப் பொருந்தும், பித்தளையோ சட்டென்று ஆறினாலும் மெல்ல ஆறினாலும் இளகியபடியே இருக்கும்.