பேரவையை விட்டு விலகலாமா?

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு ஒரு நாள்தான் லீவு. அதுவும் கோயிலுக்கே போய்விடுகிறது என்று வீட்டில் தினம் சண்டை. பாடகர் குழுவில் ஆரம்பித்து, இளையோர் இயக்கம், அப்புறம் அன்பியப் பொறுப்பு (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் சிறு குழு), கடைசியாகப் பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் பங்குப் பேரவையின் உறுப்பினர் என்று வந்திருக்கிறேன். போன ஜூனில் பங்குத்தந்தை மாறினார். புதியவர் நல்லவர், ஜெபிக்கிறவர், நோயாளிகளைத் தேடிப் போய்ப் பார்க்கிறவர். ஆனால் அவர் வந்ததிலிருந்து பேரவைக் கூட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. கேட்டால், 'தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறேன்' என்கிறார். மாதா கெபிக்கு, அதாவது மாதா சுரூபம் வைத்த குகைக்கு, கூரை போட என்று வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் பண்ணினோம். அந்தப் பணத்தில் இப்போது காம்பவுண்டு சுவர் எழும்புகிறது. கொடுத்தவர்கள் என்னைத்தான் மடக்கிக் கேட்கிறார்கள்.

பழைய பேரவையும் ஒழுங்கில்லை, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வருஷக்கணக்கில் ஒருவரே பொருளாளர். அவர் நோட்டை யாரும் பார்த்ததில்லை.

பந்தல் போட, தேர் தூக்க, பெஞ்சு நகர்த்த எங்களைக் கூப்பிடுகிறார்கள். முடிவெடுக்கும்போது கூப்பிடுவதில்லை. ஐந்தாம் வகுப்பு மறைக்கல்விக்கு ஆள் இல்லை, நீங்கள் எடுங்கள் என்று சிஸ்டர் வேறு கேட்டுக்கொண்டிருக்கிறார். எனக்கு எல்லாமே கசந்துவிட்டது. பங்கில் நாங்கள் யார்? உதவிக்கு வந்த ஆட்கள்தானா? எல்லாவற்றையும் விட்டு விலகிவிடலாமா?

(பெயரும் பங்கின் பெயரும் வேண்டாம்.)

*

அன்புள்ள தம்பிக்கு,

விலகாதீர்கள். ஆனால் இப்போது செய்வதையே அப்படியே தொடரவும் வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நம் வட ஆற்காட்டுக் கத்தோலிக்கம் எப்படி நின்றது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சேத்துப்பட்டில் பாரிஸ் மறைபரப்பு சபையின் தாரஸ் அடிகள் இருந்தார். 1876-78 பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் அவரிடம் திருமுழுக்குப் பெற்றார்கள். அவருடைய பெயரை இன்றும் நன்றியோடு சொல்கிறோம், சொல்ல வேண்டியதுதான். ஆனால் ஒரு மனிதர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? அவர் வந்து போன பிறகு மீதி நாட்களில் அந்த ஊர்களில் ஜெபம் சொன்னது யார்? குருவாக இல்லாமல் ஊரோடு இருந்து ஜெபம் நடத்திய உபதேசியார்தான். 1952 நவம்பரில் வேலூர் தனி மறைமாவட்டமான பிறகும் ரொம்ப காலம் கிளைக் கிராமங்களில் நிலைமை இதுதான்.

போளூர் பக்கம் என் பாட்டி ஊரில் ஒரு உபதேசியார் இருந்தார். ஊருக்கு மணி கிடையாது. வேப்பமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பொழுது சாய்ந்ததும் அவர் அதை இரும்புக் கம்பியால் தட்டுவார். களையெடுத்துவிட்டு வந்தவர்கள் கைகால் கழுவிக்கொண்டு மந்திரம் சொல்லப் போவார்கள். சாமியார் மாதத்தில் ஒரு நாள் வந்தால் பெரிசு. குழந்தைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுத்தது, சாகக் கிடந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபித்தது, அடக்கத்துக்கு முன்னால் நடந்தது எல்லாம் அவர்தான். அவரிடம் நீள வாக்கில் ஒரு கணக்கு நோட்டு இருந்தது. யார் வீட்டில் பிள்ளை பிறந்தது, யார் படுத்த படுக்கை, எந்தப் புருஷன் பெண்டாட்டி பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள், யார் பெங்களூருக்குப் பிழைக்கப் போனது என்று அதில் இருக்கும். சாமியார் வந்து இறங்கியதும் காப்பி குடிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். உபதேசியார் திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பார். அதைக் கேட்டுவிட்டுத்தான் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்று சாமியார் முடிவு செய்வார்.

அந்தத் திண்ணையில் நடந்ததுதான் பேரவைக் கூட்டம். அதற்கு விதிமுறையும் இல்லை, தீர்மானப் புத்தகமும் இல்லை. ஆனால் ஊரை அறிந்தவர் சொன்னார், சாமியார் கேட்டார், அதன்படி நடந்தார். அந்த உபதேசியார் பெஞ்சு நகர்த்துகிறவராக மட்டும் இருந்திருந்தால் அந்த ஊரில் கோயில் நிலைத்திருக்காது.

இப்போது சாமியார் பங்கிலேயே இருக்கிறார். ரொம்ப நல்லது. ஆனால் நாலைந்து வருஷத்தில் மாற்றலாகிப் போகிறார். மே மாதக் கடைசியில் பிரியாவிடை, ஜூனில் வரவேற்பு. வந்தவருக்கு எந்தத் தெருவில் எந்த அன்பியம் தூங்கிவிட்டது என்று தெரியாது. கெபிக்கூரைக்கு வசூல் நடந்ததே உங்கள் சாமியாருக்குச் சரியாகச் சொல்லப்படாமல் போயிருக்கலாம். உங்கள் பொருளாளரின் நோட்டை யாரும் பார்த்ததில்லை என்கிறீர்களே, புதியவர் மட்டும் எப்படிப் பார்த்திருப்பார்? எந்தப் பணம் எதற்கு வந்தது என்று எழுதி ஒப்படைக்காத பங்கில், வருகிற ஒவ்வொருவரும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். அவர் மேல் கோபப்படுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

சரி, சட்டத்துக்கு வருகிறேன். 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் பங்கு மேய்ப்புப்பணிப் பேரவையைப் பற்றிப் பேசுவது எண் 536. ஆயர் தம் குருக்கள் அவையைக் கலந்து, பொருத்தம் என்று கருதினால் ஒவ்வொரு பங்கிலும் அமைக்க வேண்டும் என்கிறது. அதற்கு ஆலோசனை வாக்கு மட்டும்தான் என்றும் சொல்லிவிடுகிறது. ஆகவே பேரவை ஓட்டெடுத்துப் பங்குத்தந்தையைக் கட்டுப்படுத்த முடியாது. இதை நீங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த எண் 537, நிதிக்குழு. இதில் 'பொருத்தம் என்று கருதினால்' என்ற பேச்சே இல்லை. ஒவ்வொரு பங்கிலும் இருந்தாக வேண்டும். பங்கின் சொத்தையும் பணத்தையும் நிர்வகிப்பதில், தேர்ந்தெடுக்கப்பட்ட இறைமக்கள் பங்குத்தந்தைக்குத் துணை நிற்க வேண்டும். இன்னும் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 1267-இன் மூன்றாம் பிரிவு, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்காக மக்கள் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே செலவிடலாம் என்கிறது. 1287-இன் இரண்டாம் பிரிவு, மக்கள் கொடுத்ததற்கு மக்களிடம் கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. அதை எப்படிச் செய்வது என்பதை அந்தந்த இடத்து விதிமுறை தீர்மானிக்கும்.

ஆக, கெபிப் பணத்தைப் பற்றி நீங்கள் கேட்பது கலகம் இல்லை, திருச்சபையே எழுதி வைத்திருப்பதுதான். 2024 அக்டோபரில் ரோமில் முடிந்த ஆயர்கள் மாமன்றத்தின் இறுதி ஆவணம் இன்னும் ஒரு படி மேலே போய், இந்த அவைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறது. போப் பிரான்சிஸ் அந்த ஆவணத்தை அப்படியே ஏற்று வெளியிட்டார்.

கணக்கு திறந்து கிடந்தால் ஒரு பங்கு எப்படி மாறும் என்று நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் பங்கில் ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும், காணிக்கைப் பையைச் சாமியார் பூசைக்குத் தயாராகும் சக்ரீஸ்து அறையின் மேசையில் கொட்டுவார்கள். எண்ணுவதற்கு எப்போதும் மூன்று பேர். ஒரே குடும்பத்தில் இருவர் கூடாது, ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும், மாதாமாதம் ஆள் மாறும். பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி, கசங்கிய நோட்டுகளை நீவி, ஒரு துண்டுத் தாளில் தொகை எழுதி மூவரும் கையெழுத்துப் போடுவார்கள். திங்கட்கிழமை பணம் பேங்குக்குப் போகும். மாத முதல் ஞாயிறன்று கோயில் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒரே ஒரு தாள் ஒட்டுவார்கள். கரண்ட் பில், மெழுகுவர்த்தி, அப்பமும் ரசமும், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில்பிள்ளையின் சம்பளம், மோட்டார் ரிப்பேர், கிளைக் கிராமத்துக்குப் போய்வந்த பெட்ரோல். பூசை முடிந்து வருகிறவர்கள் வெயிலில் நின்று அதைப் படிப்பார்கள். படிக்கத் தெரியாத கிழவிக்குப் பேரப்பிள்ளை வாசித்துக் காட்டுவான். கோயில்பிள்ளைக்கு இவ்வளவுதான் சம்பளமா என்று முதல் மாதமே நாலு பேர் போய்ச் சாமியாரிடம் கேட்டார்கள். அடுத்த மாதமே அவர் சம்பளம் உயர்ந்தது. சாமியாரைப் பற்றிய வம்புப் பேச்சும் அதோடு குறைந்தது. அந்தத் தாளை அவர் தமக்குக் காவலாகத்தான் பார்த்தார்.

இனி உங்கள் பக்கத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பங்குத்தந்தை நம்மைக் கலந்துகொள்வதில்லை என்று குறைப்படுகிற பேரவைகளில் முக்கால்வாசி, தாங்களும் யாரையும் கலந்துகொள்வதில்லை. அதே நாலு குடும்பம், அதே பொருளாளர். திருவிழாவில் எந்தத் தெரு வழியாகத் தேர் போகும் என்று முடிவு செய்கிற இடத்தில் சாதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. நம் மாவட்டங்களில் கோயிலை நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். திருச்சபைக்குள் தீண்டாமை பாவம், அதை ஒழிக்க வேண்டும் என்று 2016-இல் இந்திய ஆயர் பேரவையே கொள்கை வகுத்து வெளியிட்டது. அதை உங்கள் பேரவை ஒரு கூட்டத்திலாவது எடுத்துப் படித்திருக்கிறதா?

பெண்கள் விஷயமும் அப்படித்தான். குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் அக்காமார்கள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டே அன்பியத்தை நடத்துவதைப் பார்த்திருக்கிறேன். இலை வெட்டும் கை நிற்காது. அடுத்த கூட்டம் யார் வீட்டில், எந்தப் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவில்லை, ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையில் யாருக்காகக் கேட்கலாம் என்று பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். அந்த உபதேசியாரின் நோட்டில் இருந்தது இப்போது இவர்கள் தலையில் இருக்கிறது. ஆனால் பேரவைக் கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு வைப்பார்கள். அந்த நேரத்தில் இவர்கள் அடுப்படியில் இருப்பார்கள். கூட்டத்தை ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் வையுங்கள், பாதி மாற்றம் அதிலேயே வந்துவிடும். 2021-இல் போப் பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பெண்களுக்குத் திறந்துவிட்டார். அதே வருஷம் மே மாதம் வேதியர் பணியையும், அதாவது நம் உபதேசியார் பணியையும், நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். ரோம் வரை போய்விட்ட விஷயம் நம் ஊர்ப் பேரவை அறைக்கு வர இத்தனை வருஷம் ஆகக் கூடாது.

உங்கள் சாமியாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு பங்கு, அதோடு கிளைக் கிராமங்கள், பள்ளி இருந்தால் அதன் பொறுப்பு, கல்யாண ஓலை, அடக்கம், நடுராத்திரியில் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் போன். பெரும்பாலும் அந்த வீட்டில் அவர் தனியாள். முந்திய பங்கில் பேரவைக் கூட்டம் என்றாலே கூச்சல் என்று அனுபவப்பட்டு வந்திருக்கவும் கூடும். நோயாளிகளைத் தேடிப் போகிறவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படிப்பட்டவரிடம் பேசலாம், தம்பி.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வசூலுக்குப் போனவர்களில் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வாங்கிய ரசீதுக் கட்டையும், எந்த வீட்டில் எவ்வளவு என்ற பட்டியலையும் எடுத்துக்கொண்டு வார நாளில் ஒரு சாயங்காலம் போய்ச் சாமியாரைப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வேண்டாம், வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். இது கெபிக்கூரைக்கு என்று சொல்லி வாங்கியது, கொடுத்தவர்கள் கேட்கிறார்கள், சுவருக்குப் போன தொகையை எப்படித் திரும்ப வைக்கலாம் என்று கேளுங்கள். சுவர் அவசரம் என்றால், கொடுத்தவர்களிடமே போய்ச் சம்மதம் கேட்கலாம். அந்த வேலையை நாங்கள் செய்கிறோம் என்று நீங்களே முன்வாருங்கள். அதே மூச்சில் நிதிக்குழுவைக் கேளுங்கள். பேரவையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மறைமாவட்டம் வகுத்திருக்கும் விதிமுறையின் பிரதி ஒன்றை வாங்கிப் படித்துவிட்டுப் போனால் பேச்சு சுருக்கமாக முடியும். பழைய பொருளாளரையும் பகைத்துக்கொள்ளாமல், நோட்டைக் கொண்டுவரச் சொல்லி எல்லோருமாக உட்கார்ந்து ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பந்தல், தேர், பெஞ்சு எல்லாவற்றையும் இளையோரிடம் ஒப்படையுங்கள். அதற்கு அவர்கள் போதும். ஐந்தாம் வகுப்பு மறைக்கல்வியை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பேரவை கூடினாலும் கூடாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் ஞாயிறு காலையில் வந்து உட்காரத்தான் போகிறார்கள். வகுப்பு முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போங்கள். உங்கள் வீட்டில் போடுகிற சண்டையில் முழு நியாயம் இருக்கிறது.

ஒரு மாதம் பொறுத்தும் சாமியாரிடமிருந்து பதில் இல்லை என்றால், கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டு அவரிடமே கொடுத்துவிட்டு, அவருக்குத் தெரியும்படியே பக்கத்துப் பங்குகளை மேற்பார்க்கும் மறைவட்ட முதன்மைக் குருவைப் போய்ப் பாருங்கள். அதற்கும் மேலே ஆயர் இல்லம் இருக்கிறது. மொட்டைக் கடுதாசி மட்டும் போட்டுவிடாதீர்கள். எங்கே போனாலும் மூன்று பேராகவே போங்கள், ரசீதுக் கட்டோடு.

அன்புடன்,
அண்ணன்