இருமலை விடுங்கள், கெண்டைக்காலைக் கவனியுங்கள்

கேள்வி: எனக்கு வயது 47. விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறேன். பிட்யூட்டரி சுரப்பியில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்த பிறகு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டிரோன் (ஆண் ஹார்மோன்) ஊசி போட்டுவருகிறேன். கடைசி முறை, ஊசியை வெளியே எடுப்பதற்குள்ளேயே தொண்டை அரித்து, மூச்சு நின்றுவிடும் அளவுக்கு இருமல் வந்தது, வியர்த்துக் கொட்டியது, ஐந்து நிமிடத்தில் அடங்கிவிட்டது. இணையத்தில் பார்த்தால் மாரடைப்பு என்கிறார்கள். அடுத்த ஊசியில் உயிர் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. முகத்தில் பரு, மார்புக்காம்பில் வலி, முகச்சிவப்பு, தலைபாரம், குறட்டை, இடது கெண்டைக்காலில் பத்து நாளாக நரம்பு இழுப்பது போன்ற வலி ஆகியவையும் உண்டு. ரத்தப் பரிசோதனைத் தாளை இணைத்திருக்கிறேன்.
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நீங்கள் விவரித்திருப்பது மாரடைப்பு அன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் அந்த மருந்து, டெஸ்டோஸ்டிரோன் அன்டெகனோயேட், விளக்கெண்ணெயில் கரைத்து வருவது. ஒரு தேக்கரண்டிக்குச் சற்றே குறைவாக, 4 மி.லி. அளவில், பிட்டத்துத் தசைக்குள் ஆழமாகச் செலுத்தப்படுவது. அந்த எண்ணெயில் சில துளிகள் தசையில் தங்காமல் பக்கத்துச் சிரை வழியே ஏறி, இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரலின் நுண்குழாய்களை அடைந்தால், தொண்டை அரிப்பும் அடக்க முடியாத இருமலும் வியர்வையும் சில நொடிகளிலேயே தொடங்கும்; பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாக அடங்கிவிடும். இது அரிதானதுதான் என்றாலும் மருத்துவ உலகம் அறியாத விந்தை அன்று. 2014-இல் அமெரிக்காவில் இந்த ஊசியை அனுமதித்தபோதே, போட்டபின் நோயாளி 30 நிமிடம் மருத்துவமனையிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது இதற்காகத்தான். அடுத்த முறை இந்த அனுபவத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். மெதுவாக, இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு செலுத்தச் சொல்லுங்கள். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருங்கள். இருமலோடு உடலெங்கும் தடிப்போ, உதட்டு வீக்கமோ வந்திருந்தால் அது ஒவ்வாமை. அப்போது இந்த ஊசியையே திரும்பப் போடக் கூடாது. அப்படி எதையும் நீங்கள் எழுதவில்லை.

ஆக, பயந்ததற்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியதையோ கடிதத்தின் கடைசியில், பருவுக்கும் குறட்டைக்கும் பின்னால், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். அந்தக் கெண்டைக்காலைப் படித்த மாலையே, கடிதத்தில் இருந்த எண்ணுக்கு அழைத்து, மறுநாள் கடலுக்குப் போகாமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று சிரையில் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். சிரையில் ரத்த உறைவு எதுவும் இல்லை என்று நீங்கள் தெரிவித்தது நிம்மதி. ஆனாலும் அந்த அவசரம் ஏன் என்பதை எழுதியாக வேண்டும்.

நீங்கள் அனுப்பிய பரிசோதனைத் தாளில் கொழுப்பு, சர்க்கரை இரண்டையும் சிவப்பு மையால் வட்டமிட்டிருக்கிறீர்கள். இரண்டும் சரியாகவே உள்ளன. வட்டமிடாத வரி ஒன்று உண்டு: பி.சி.வி. 56. நூறு பங்கு ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை பங்கு என்பதே அந்த எண். ஆணுக்குச் சாதாரணமாக 40 முதல் 50 வரை இருக்கும். டெஸ்டோஸ்டிரோன், சிவப்பணு உற்பத்தியை முடுக்கச் சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொய்ட்டின் என்ற ஹார்மோனைத் தூண்டுவதோடு, இரும்புச்சத்தைப் பூட்டிவைக்கும் ஹெப்சிடினையும் குறைப்பதால், எலும்பு மஜ்ஜை சிவப்பணுக்களை அளவுக்கு மீறி உற்பத்தி செய்கிறது. 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்திவைத்து, எண் இறங்கிய பிறகு குறைந்த அளவில் தொடங்குவதே நடைமுறை. உங்கள் முகச்சிவப்புக்கும் தலைபாரத்துக்கும் இந்தக் கெட்டிப்பட்ட ரத்தமே காரணமாக இருக்கலாம். அது சிரையில் உறைந்துவிடவும் கூடும் என்பதுதான் என் அவசரம்.

2023-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், 5,200-க்கும் மேற்பட்ட ஆண்கள் டெஸ்டோஸ்டிரோன் ஜெல்லையோ மருந்தில்லாத வெறும் ஜெல்லையோ பூசிவந்தார்கள். இணையம் மிரட்டும் மாரடைப்பு, மருந்து பூசியவர்களுக்கு அதிகமாகவில்லை. ஆனால் நுரையீரல் ரத்தக்குழாயில் உறைவு அடைப்பது, மற்றவர்களிடம் 0.5 சதவீதமாக இருக்க, இவர்களிடம் 0.9 சதவீதமாக இருந்தது. சிறிய எண்தான், ஆனால் அந்த உறைவு பெரும்பாலும் காலில்தான் தொடங்குகிறது, காலிலிருந்து நுரையீரலுக்குப் போவதற்குள் பிடித்துவிட்டால் மருந்தாலேயே சரிசெய்துவிடலாம். இரண்டு காலும் கணுக்காலில் லேசாக வீங்கினால் அது மருந்தால் நீர் தங்குவதாக இருக்கலாம். அடுத்த சந்திப்பில் சொன்னால் போதும். ஒரே கால், அதுவும் கெண்டைக்கால், மற்றதைவிடப் பருத்து, சூடாகி, அழுத்தினால் வலித்தால் அன்றே காட்ட வேண்டும். ஊசி போட்ட நொடியில் வந்து போகும் இருமல் வேறு. ஊசி போட்டு வாரங்கள் ஆனபின், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவதும், இழுத்து மூச்சுவிட்டால் நெஞ்சு குத்துவதும் வேறு. பின்னது வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். கரையிலிருந்து ஐந்து மணி நேரத் தொலைவில் வலை இறக்கியிருக்கும்போது அது வந்தால் எந்த வண்டியும் வராது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

56 எப்படி வந்தது என்பதற்கு விடை, கடிதத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள்: "பத்தாவது வாரமே சோர்வு வருவதால் நடுவில் ஒரு 250 ஊசியும் தெரிந்தவர் போட்டுவிடுகிறார்." மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல், மருந்துச்சீட்டு இல்லாமல் வாங்கிய இன்னொரு டெஸ்டோஸ்டிரோன், அதுவும் ரத்தத்தில் சட்டென்று ஏறி இறங்கும் வகை, அந்த ஏற்றமே சிவப்பணுக்களை அதிகம் கூட்டுவது. பத்தாவது வாரத்தில் சோர்ந்தால், அடுத்த ஊசிக்குச் சற்று முன்பு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து, இடைவெளியை மாற்றுவது உங்கள் மருத்துவரின் வேலை. தெரிந்தவரின் வேலை அன்று. ரத்தத்தை 'இளக்க' நீங்களாகவே தொடங்கிய அரை ஆஸ்பிரின் சிவப்பணு ஒன்றைக்கூடக் குறைக்காது, வயிற்றைத்தான் புண்ணாக்கும். ரத்ததானம் செய்தால் சரியாகிவிடும் என்று காணொலியில் சொன்னவர், எண் கொஞ்ச காலம் இறங்கும் என்பதைச் சொன்னார். அளவுக்கு மீறிய மருந்து உள்ளே போய்க்கொண்டே இருந்தால் மறுபடி ஏறும் என்பதைச் சொல்லவில்லை.

வெயிலில் உப்புக்காற்றில் நாள் முழுதும் வியர்த்து, தண்ணீர்க் கேனைத் தொடாமல் கரை திரும்புபவருக்குப் பி.சி.வி. ஓரிரு புள்ளி கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது உண்மை. எனவே ஒருநாள் ஓய்வெடுத்து, நன்றாகத் தண்ணீர் குடித்தபின் மறுபரிசோதனை செய்யுங்கள். அதற்காக 56-ஐ வெயில் மீது போட்டுவிடாதீர்கள். பீடி பிடிப்பவரானால் அதுவும் இந்த எண்ணை ஏற்றும். குறட்டையை நான் சாதாரணமாக விடமாட்டேன்: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்பதை மனைவியிடம் கேளுங்கள். அப்படியிருந்தால் இரவில் ஆக்சிஜன் குறைவதாலும் சிவப்பணுக்கள் பெருகும், டெஸ்டோஸ்டிரோன் அந்தக் கோளாறை மோசமாக்கவும் செய்யும்.

பருவுக்கு முகத்தைக் கழுவுங்கள், போதும். மார்புக்காம்பு வலி, டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதி உடலில் ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் வருவது. கூடுதல் ஊசி நின்றால் அதுவும் குறையும். அதற்கென்று ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மார்பகப் புற்றுநோய் மாத்திரை வாங்கி விழுங்கும் ஆலோசனையும் இணையத்தில் உலவுகிறது, அதைத் தொடாதீர்கள். கட்டியாகத் தட்டுப்பட்டால் மட்டும் காட்டுங்கள்.

பிட்யூட்டரி அறுவைக்குப் பின் உங்கள் உடலால் போதிய டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்க முடியாததால், பயந்துபோய் மருந்தை அடியோடு விட்டுவிடவும் கூடாது. அடுத்த ஊசியை மட்டும் தள்ளிவைத்து, அறுவைக்குப் பின் உங்களைக் கவனித்துவரும் மருத்துவரிடம் இந்தத் தாளோடு செல்லுங்கள், பி.சி.வி. இறங்கிய பிறகு அளவையும் இடைவெளியையும் அவர் முடிவு செய்யட்டும். வீட்டு அலமாரியில் மீதமிருப்பதாக நீங்கள் சொன்ன அந்த 250 ஊசியின் இரண்டு ஆம்பூல்களையும் போகும்போது எடுத்துச் சென்று அவர் மேசையில் வைத்துவிடுங்கள்.