சம்ப் கறள்: கராஜ் அண்ணையிடம் கேட்டவை

பழைய கார், வான் வைத்திருப்பவர்கள் ஒயில் சம்ப் (இஞ்சினுக்கு அடியில் ஒயில் தங்கும் தட்டு) கறள் (துரு) பற்றி அனுப்பிய கேள்விகளும், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கராஜ் நடத்தும் அண்ணையின் பதில்களும்.

வேலணையிலிருந்து: அண்ணை, எங்கட டொல்பின் வானின் சம்ப் அடியில் ஒரே கறள். இன்னும் ஒழுகவில்லை. இப்பவே மாற்ற வேண்டுமா?

ஒழுகாதவரை மாற்றத் தேவையில்லை தம்பி. ஆனால் பார்க்காமல் விட்டால் ஒருநாள், உங்கள் தீவை யாழ் நகரோடு சேர்க்கும் பண்ணைப் பாலத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிடுவீர்கள்.

சம்ப் என்பது மெல்லிய இரும்புத் தகட்டை அச்சில் அழுத்திச் செய்தது. உள்பக்கம் ஒயிலில் ஊறிக்கொண்டே இருப்பதால், ஒழுங்காக ஓடும் வண்டியில் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்காது. கறள் தின்பது வெளிப்பக்கத்தைத்தான். நீங்கள் தினமும் கடலுக்கு நடுவால் வருகிறீர்கள். வாடைக்காற்று நாட்களில் அலை தெறித்து வீதி நனையும். அந்த உப்பு காய்ந்த பிறகும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். அதற்கு மேல் சேறும் அப்பினால் சம்ப் நாள் முழுக்க ஈரத்தில் கிடக்கும்.

இஞ்சின் ஆறியதும் வானைத் தூக்கி ஸ்ராண்டில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். சீமெந்துக் கல்லும் வேண்டாம், அது சொல்லாமல் வெடிக்கும். சேற்றைச் சுரண்டிக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, வயர் பிரஷால் தேயுங்கள். சிவப்புப் பொடி கொட்டி அடியில் இரும்பு மினுங்கினால் தப்பினீர்கள். செதில் செதிலாகக் கழன்று, கீழே குழி குழியாக இருந்தால் ஸ்க்ரூட்ரைவரின் பிடியால் மெல்லத் தட்டுங்கள். தடிப்பான இடம் 'டங்' என்று கேட்கும். தேய்ந்த இடத்தில் சத்தம் செத்திருக்கும், கைக்கும் கொஞ்சம் அமுங்கும். ஒயில் கழற்றும் நட்டைச் சுற்றியும், சேறு தங்கும் பின்மூலையிலும், மேல் விளிம்பின் அடியிலும் கட்டாயம் பாருங்கள். கூரால் குத்திச் சோதிக்காதீர்கள். ஓட்டை விழுந்தால் அன்றைக்கே வண்டி படுத்துவிடும்.

இரும்பு நல்லதென்றால் தின்னரால் துடைத்து, பொஸ்போரிக் அமிலம் கலந்த கறள் மாற்றி பூசுங்கள். மிச்சக் கறள் கறுத்து இறுகும். அப்புறம் பிரைமர், அதன் மேல் இரண்டு கை பெயின்ற். நட்டின் புரியில் பெயின்ற் படக்கூடாது. அதன்பின் கிழமைக்கு ஒருதரம் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். உங்கள் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவது உப்பை உப்பால் கழுவுகிற வேலை.

மானிப்பாயிலிருந்து: மொறிஸ் மைனர் காருக்குப் புதுச் சம்ப் பக்கிங் (சம்புக்கும் இஞ்சினுக்கும் இடையில் வைக்கும் அடைப்பு) போட்டேன். முந்தியதைவிடக் கூட ஒழுகுது. பக்கிங் சரியில்லையா?

பக்கிங்கைக் குற்றம் சொல்ல முதல் சம்பின் விளிம்பைப் பாருங்கள் ஐயா. ஒழுகுதென்று ஆளுக்கு ஆள் போல்ட்டை இறுக்கி இறுக்கி, ஓட்டையைச் சுற்றி விளிம்பு மேல்நோக்கிக் குவிந்திருக்கும். அப்போது போல்ட் உள்ள இடம் மட்டும் பக்கிங்கை நசுக்கும், இடையில் இடைவெளி விழும். சம்பைக் கழற்றி, விளிம்பைத் தட்டையான இரும்பின் மேல் வைத்து, குவிந்த இடங்களைச் சுத்தியலால் மெல்லத் தட்டி இறக்குங்கள். நேர்ச்சட்டம் வைத்து வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, அந்த இஞ்சினுக்குப் பக்கவாட்டுப் பக்கிங் தவிர முன்னும் பின்னும் கோர்க் பட்டி இரண்டு இருக்கிறது. நுனியை அவசரமாக வெட்டிக் குறைத்தால் மூலையால் ஒழுகும். பட்டி கொஞ்சம் நீட்டிக்கொண்டு நிற்கட்டும், இறுக்கும்போது அமுங்கிவிடும். நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அவை சின்னப் போல்ட்டுகள், முழுப்பலமும் தேவையில்லை.

நல்லூரிலிருந்து: என் ஸ்கூட்டி இஞ்சின் அடியில் வெள்ளையாகப் பூத்திருக்கு. கறளா?

அது அலுமினியம் தங்கச்சி. உப்புப் பட்டால் வெள்ளையாகப் பூக்கும். கழுவித் துடையுங்கள், மிச்சத்தை மோட்டார்சைக்கிள் பார்க்கிற ஒருவரிடம் கேளுங்கள்.

சுன்னாகத்திலிருந்து: சேர்விஸில் கழித்த பழைய ஒயிலையே அடியில் பூசினால் கறள் வராது என்கிறார்கள். உண்மையா?

கறள் குறையும், உண்மைதான். ஆனாலும் நான் பூச மாட்டேன். அதில் எரிந்த கரியும் அமிலமும் உலோகத் தூளும் இருக்கின்றன. றப்பர் புஷ்கள் ஊறிப் பழுதாகும், தூசி அப்பி ஒட்டும், ஓட்டை விழுந்தாலும் எங்கே ஒழுகுதென்று தெரியாது.

உடுவிலிலிருந்து ஒரு ஐயா: இது இப்பத்தைய பெடியளின் கதை. என் அப்பாவின் ஒஸ்ரின் ஏ 40 காருக்கு ஆயுள் முழுக்கக் கழிவு ஒயில்தான் பூசினோம். ஒரு பொட்டுக் கறள் இல்லை!

ஐயா, அந்தக் காருக்கு நீங்கள் பூசியிருக்கவே தேவையில்லை. அந்தக் கால ஒஸ்ரின், மொறிஸ் இஞ்சின்களில் கிராங்கின் (இஞ்சினுக்குள் சுற்றும் தண்டு) பின்பக்கத்தில் இப்போதுள்ள றப்பர் சீல் இல்லை. திருகுபோல வெட்டிய ஒரு புரிதான் ஒயிலை உள்ளே திருப்பிவிடும். நிறுத்தினால் சொட்டும். கார் தனக்குத்தானே பூசிக்கொண்டது.

உடுவில் ஐயா: சொட்டினால் என்ன, கறள் வரவில்லைத்தானே! அப்ப தார் பூசலாமா?

தார் சம்புக்கு ஆகவே ஆகாது. சம்ப் ஓடும்போது நூறு பாகைக்குக் கிட்டச் சூடாகும். தார் இளகும், கல் பட்டால் கிழியும், கிழிந்த இடத்தால் தண்ணீர் புகுந்து உள்ளேயே நிற்கும். வெளியே கறுப்பாக அழகாக இருக்கும், உள்ளே சம்ப் பப்படமாகிவிடும்.

கோப்பாயிலிருந்து ஒரு தோட்டக்காரர்: பூசுகிற ஒயில் மழைக்குக் கழுவுப்பட்டு எங்கே போகுது என்று ஒருத்தரும் கேட்கவில்லையே?

இதைத்தான் நான் முதலே சொல்லியிருக்க வேண்டும் என்று ஐயாமார் சண்டைக்கு வரமுன் சொல்லிவிடுகிறேன். நமக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் இறைப்பதும் பெரும்பாலும் நிலத்தடி நீர். கீழே இருப்பதோ வெடிப்பும் துவாரமுமான சுண்ணாம்புக்கல், மேலே ஊற்றியது வேகமாக இறங்கிவிடும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் உச்ச நீதிமன்றம்வரை போய் 2019இல்தான் தீர்ப்பு வந்தது. அது கார் ஒயில் இல்லை, மின்நிலைய எண்ணெய், தெரியும். ஆனால் ஒவ்வொரு முற்றத்திலும் நாம் சொட்டவிடுவதும் அதே கல்லுக்குள்தான் இறங்குகிறது. கழித்த ஒயிலைக் கலனில் பிடித்து, எடுக்கிற இடத்தில் கொடுங்கள்.

உடுவில் ஐயா: சரி, பூசவில்லை. கராஜ்காரர்கள் முதலில் தங்கள் நிலத்தைப் பார்க்கட்டும்.

அதில் ஐயா சொல்வது நியாயம். அடுத்த கேள்வி.

சாவகச்சேரியிலிருந்து: சம்பில் ஊசிமுனை ஓட்டை. எபொக்சி பூசினால் நிற்குமா?

ஒயில் முழுக்க வடித்து, தின்னரால் துடைத்து, இரும்பு மினுங்கத் தேய்த்து, காய்ந்த பிறகு பூசினால் கொஞ்சக் காலம் நிற்கும். புதுச் சம்ப் கிடைக்கும்வரைதான். ஸ்ராண்ட் போடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து: ஒயில் வடிக்காமல் வெளியால் எபொக்சி பூசலாமா?

ஒட்டாது.

கொடிகாமத்திலிருந்து: ஒழுகும்போதே பூசக்கூடிய எபொக்சி...

மேலே இரண்டு தரம் சொல்லிவிட்டேன். ஒயில் நனைந்த இரும்பில் எதுவும் ஒட்டாது. சம்பைக் கழற்றாமல் வெல்டிங் பிடிக்கலாமா என்று அடுத்து யாரோ கேட்கப் போகிறீர்கள்: கூடாது. உள்ளே ஒயில் ஆவி, பக்கத்தில் எரிபொருள் குழாய்.

லண்டனிலிருந்து: ஊரில் நிற்கிற எங்கள் காரை மாமா கிழமைக்கு ஒருதரம் ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி வைக்கிறார். சம்ப் உள்ளே கறள் வருமா?

அந்த ஐந்து நிமிடத்தால்தான் வரும். பெற்றோல் எரியும்போது நீராவி உண்டாகும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே வந்து, குளிர்ந்த சம்பின் சுவரில் துளியாகப் படியும். இஞ்சின் நன்றாகச் சூடானால்தான் அது ஆவியாகி வெளியேறும். மாமாவிடம் சொல்லுங்கள், ஓடினால் அரை மணி ஓடட்டும், இல்லாவிட்டால் ஸ்ராட் பண்ணவே வேண்டாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது முதலில் ஒயிலை மாற்றிவிட்டு ஓடுங்கள்.

யாழ் நகரிலிருந்து: தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார். அதனால் சம்ப் பழுதாகியிருக்குமா?

சம்ப் இல்லை, பெயரிங் பழுதாகியிருக்கும். எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டரால் வடிந்து ஒயிலைத் தண்ணியாக்கும். போர்த் தடையால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் வேறு வழியும் இல்லை. ஒயில் அழுத்தத்தை ஒருதரம் அளந்து பார்ப்பது நல்லது.

கனடாவின் ஸ்காபரோவிலிருந்து: இங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள்...

உங்கள் ஊர் கராஜில் கேளுங்கள் தம்பி. அந்த உப்புக்கு முன் பண்ணைக் கடல் ஒன்றுமே இல்லை.

அச்சுவேலியிலிருந்து: பழைய சம்ப் ஒன்று கழித்த வண்டியிலிருந்து கிடைத்திருக்கு. பூட்ட முன் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் வெயிலுக்குத் தூக்கிப் பிடித்து உள்ளிருந்து பாருங்கள், பெரிய ஓட்டை வெளிச்சத்தில் தெரியும். அப்புறம் நட்டைப் பூட்டி, பாதிவரை மண்ணெண்ணெய் ஊற்றி, நாளிதழ்த் தாளின் மேல் இரவு முழுக்க வையுங்கள். ஒயிலுக்கு முன் மண்ணெண்ணெய் கசியும். காலையில் தாள் நனைந்த இடத்துக்கு நேர் மேலே சோக்கால் குறியுங்கள். நட்டைச் சுற்றி நனைந்திருந்தால் புது வொஷர் போட்டு இன்னொரு இரவு வையுங்கள். வேறெங்கும் நனைந்திருந்தால் கொடுத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள்.