அடக்குகிற செல் தாளம் போடுமா?

கேள்வி: மூளையில் சில செல்கள் மற்ற செல்களை அடக்குவதற்கென்றே இருக்கின்றன என்று படித்தேன். அப்படிப்பட்ட செல்கள் மூளை அலைகளை எப்படி உண்டாக்க முடியும்?

பதில்: நியாயமான சந்தேகம்தான். ஆனால் இந்த அடக்குமுறை நிரந்தரமானது இல்லை, சில மில்லி செகண்டுகளோடு சரி. பார்வால்புமின் என்ற புரதம் உள்ள ஒரு வகை நியூரான், தன்னைச் சுற்றியுள்ள ஏராளமான செல்களின் மேல் காபா என்ற வேதிப்பொருளை ஒரே சமயத்தில் விடுகிறது; எல்லாம் சேர்ந்து அடங்குகின்றன, காபாவின் பிடி தளர்ந்ததும் சிக்னலில் பச்சை விழுந்த வண்டிகள் மாதிரி ஏறக்குறைய ஒன்றாக மின் துடிப்பை விடக் கிளம்புகின்றன, அந்தக் கிளம்பலே அடக்கும் செல்லை மறுபடி உசுப்பிவிட, திரும்பவும் அமைதி. இந்தச் சுற்று நொடிக்கு 30 முதல் 80 முறை நடந்தால் அதற்குப் பெயர் காமா அலை.

வேகத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வது காபாவின் பிடி எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதுதான். சில மயக்க மருந்துகள் அந்தப் பிடியை நீட்டிக்கும், அப்போது அலையும் மெதுவாகிவிடும்.

வெறும் ஊகமா என்றால், இல்லை. 2009-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் சுண்டெலிகளின் மூளையில் இந்தச் செல்களை மட்டும் ஒளியால் நொடிக்கு 40 முறை தூண்டினார்கள், காமா வலுத்தது. அதே வேகத்தில் மற்ற செல்களைத் தட்டியபோது அவ்வளவாக எடுபடவில்லை. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி அதுதான்.

அப்புறம், தூக்கத்தில் சிறு சிறு கொத்துகளாகத் தோன்றும் ஸ்பிண்டில் என்ற மூளை அலைகளிலும் அடக்கும் செல்களுக்கே முக்கியப் பங்கு. அந்தச் செல்கள் இருப்பது, மூளையின் உட்பகுதியில் உள்ள தலாமஸ் என்ற பகுதியைப் போர்த்தியிருக்கும் மெல்லிய அடுக்கில்.