கான்சஸ்காரரின் சைலன்ஸர்

அன்புள்ள ஐயா,

என் தம்பி எச்-1பி விசாவில் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் வேலை பார்க்கிறான். மத்திய அரசின் துப்பாக்கிச் சட்டங்கள் தங்களிடம் செல்லாது என்று அந்த மாநிலமே 2021இல் சட்டம் போட்டதாம். ‘இங்கே யார் கேட்கப் போகிறார்கள், நீயும் ஒன்று வாங்கி வை’ என்கிறார்களாம் கூட வேலை செய்பவர்கள். மாநில உரிமை பேசுகிறவன் நான். ஆனாலும் கேட்கிறேன், இப்படி ஒரு மாநிலம் செய்ய முடியுமா?

செந்தில்குமார், ஈரோடு

அன்புள்ள செந்தில்குமார்,

‘உன் சட்டத்தை அமல்படுத்த நாங்கள் ஆள் தர மாட்டோம்’ என்று ஒரு மாநிலம் சொல்லலாம். ‘உன் சட்டமே இங்கே செல்லாது’ என்று சொல்ல முடியாது.

முதலாவதை வென்று கொடுத்தவர்கள் இரண்டு ஷெரீஃப்கள், அதாவது உள்ளூர் காவல் தலைவர்கள். கைத்துப்பாக்கி வாங்க வருகிறவரின் பின்னணியை உள்ளூர் காவல் அதிகாரி விசாரிக்க வேண்டும் என்றது 1993ஆம் ஆண்டின் பிரேடி சட்டம். மொன்டானாவின் ஜே பிரின்ட்ஸும் அரிசோனாவின் ரிச்சர்ட் மேக்கும் வழக்குப் போட்டார்கள். 1997இல் உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், மாநில அதிகாரிகளை மத்திய அரசு வேலை வாங்க முடியாது என்றது. நம் ஊரில் மத்திய ஆயுதச் சட்டத்தின்படி துப்பாக்கி உரிமம் கொடுப்பவரே கலெக்டர்தான். அங்கே அமைப்பு வேறு. குடியேறிகளைப் பிடித்துக் கொடுக்க மறுக்கும் நகரங்களுக்கும் இதே தீர்ப்புதான் கவசம். நல்ல தீர்ப்பு என்றே நினைக்கிறேன்.

இரண்டாவதை நம்பினால் என்ன ஆகும் என்பதற்குக் கான்சஸில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் மாநிலத்திலேயே செய்து எங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கும் துப்பாக்கிக்கும் உதிரிக்கும் மத்தியச் சட்டம் பொருந்தாது என்று 2013இல் அங்கே சட்டம் வந்தது. ஆளுநர் கையெழுத்திட்ட சட்டம். ஒரு சாதாரண மனிதன் இதை நம்பாமல் வேறு எதை நம்புவான்? சனூட் என்ற சிற்றூரில் ராணுவ உபரிப் பொருள் கடை வைத்திருந்தவர், துப்பாக்கிச் சத்தத்தைக் குறைக்கும் சைலன்ஸர் செய்து விற்றார். முன்னாள் ராணுவ வீரர் ஒருவர் ஒன்று வாங்கினார். மத்திய அரசிடம் பதிவு செய்யவில்லை, அப்போதிருந்த 200 டாலர் வரியையும் கட்டவில்லை. 2016இல் இரண்டு பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. மாநிலச் சட்டத்தை நம்பித்தான் செய்தோம் என்ற வாதம் எடுபடவில்லை. மேல்முறையீட்டிலும் தோற்றார்கள், உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே இல்லை. சிறை இல்லை, நன்னடத்தைக் கண்காணிப்புதான். ஆனால் குற்றவாளி என்ற பெயர் அந்த இருவருக்கு. கைதட்டல் வாங்கிய சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

மிசௌரிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. மத்தியத் துப்பாக்கிச் சட்டத்தை அமல்படுத்தும் உள்ளூர் காவல்துறைக்கு 50,000 டாலர் அபராதம் என்றது. சரி, போலீஸ்காரர் என்ன செய்வார்? மத்திய அதிகாரிகளோடு சேர்ந்து செய்த வேலையிலிருந்து பல துறைகள் ஒதுங்கின. 2023இல் நீதிமன்றம் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது, 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உதவியை நிறுத்திக்கொள்ளலாம், ஆனால் மத்தியச் சட்டம் செல்லாது என்று அறிவித்து நிறுத்த முடியாது என்பதுதான் சாரம்.

அப்புறம், உங்கள் தம்பி. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர், வேட்டை உரிமம் மாதிரி சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே அங்கே மத்தியச் சட்டப்படி குற்றம். கூட வேலை செய்பவர்கள் குடிமக்களாக இருக்கலாம், அவர் இல்லை. இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.