எக்ஸாஸ்ட் நட்டை எவ்வளவு இறுக்குவது?

கேள்வி: என் பெட்ரோல் காரின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டை நானே மாற்றினேன். எல்லா நட்டையும் கை வலிக்கும் வரை இறுக்கினேன். சில வாரங்கள் சத்தமே இல்லை. இப்போது காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்கிறது. இன்ஜின் சூடானால் நின்றுவிடுகிறது. திரும்ப இறுக்கப்போனதில் ஓரத்து ஸ்டட் உடைந்துவிட்டது. அடியில், பைப் சேரும் இடத்தில், ஸ்பிரிங் போட்ட போல்ட் இரண்டு இருக்கின்றன. அவற்றையும் ஒரு பிடி இறுக்கலாமா? உண்மையில் எவ்வளவு இறுக்கம் தேவை?

பதில்: உடைந்தது ஓரத்து ஸ்டட் (ஹெட்டில் பதிந்து நட்டை ஏற்கும் தலையில்லாத மரைத்தண்டு) என்கிறீர்கள். அது தற்செயல் இல்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில், அதாவது எல்லா சிலிண்டரின் புகையையும் சேர்த்துப் பைப்புக்குத் தரும் குழாய்த் தொகுதியில், ஸ்டட் உடைவது பெரும்பாலும் இரண்டு ஓரங்களில்தான்.

காரணம் சூடு. வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் 40 செ.மீ. நீளம் என்று வையுங்கள். அது 500 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 2 மி.மீ. நீளும். அது உட்கார்ந்திருக்கும் சிலிண்டர் ஹெட் (இன்ஜின் சிலிண்டர்களின் மேல்மூடி) அலுமினியம். அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல இரு மடங்கு விரியும் உலோகம்தான். ஆனால் உள்ளே கூலன்ட் ஓடுவதால் அது 100 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. எனவே அதன் நீட்சி ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. ஒன்று அதிகம் நீள, மற்றது கொஞ்சமே நீள, அந்த வித்தியாசம் முழுவதும் ஓரங்களில் போய் நிற்கிறது. நடு ஸ்டட்டுக்கு இது தெரியவே தெரியாது. ஓரத்து ஸ்டட் ஒவ்வொரு முறை வண்டி ஓடி ஆறும்போதும் பக்கவாட்டில் வளைந்து நிமிர்கிறது.

இதனால்தான் மேனிஃபோல்டின் ஓரத் துளைகளைச் சற்றுப் பெரிதாகவோ நீள்வட்டமாகவோ விட்டிருப்பார்கள். மேனிஃபோல்ட், நடுவே கசிவை அடைக்கும் தகடான கேஸ்கெட்டின் மேல் வழுக்கி நகர்ந்து, ஆறியதும் திரும்பி வர வேண்டும் என்பதே ஏற்பாடு. நட்டுகள் அதை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். நகர விடாமல் பூட்டக் கூடாது. கை வலிக்க இறுக்கினால் இந்த வழுக்கல் நின்றுபோகும். அப்போது மூன்றில் ஒன்று நடக்கும்: ஸ்டட் உடையும், மேனிஃபோல்ட் வளையும், இல்லாவிட்டால் அதில் விரிசல் விழும். உங்களுக்கு முதலாவதோடு போயிற்று என்றால் நல்லதுதான்.

அந்த 'டிக் டிக்' சத்தமும் இதே கதை. ஆறிய நிலையில் மேனிஃபோல்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி. ஒவ்வொரு சிலிண்டர் புகை தள்ளும்போதும் அந்த இடுக்கு வழியே 'டிக்'. சூடேறி உலோகம் விரிந்ததும் இடுக்கு மூடிக்கொள்கிறது. ஆனால் குளிர்ந்த இன்ஜினில் டாப்பெட் (வால்வைத் தள்ளும் பாகம்) சத்தமும் கிட்டத்தட்ட இப்படியே கேட்கும் என்பதால், ஸ்பேனரை எடுக்கும் முன் கேஸ்கெட் ஓரத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். கசிவு இருந்தால் அங்கே கரி படிந்த கறுப்புக் கோடு இருக்கும். கோடு இல்லை என்றால் இறுக்குவதில் பயனில்லை.

இனி அளவு. உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் உள்ள எண்தான் முதலும் முடிவும். ஒரு மதிப்பீட்டுக்காகச் சொல்கிறேன்: 8 மி.மீ. ஸ்டட் போட்ட மேனிஃபோல்ட் நட்டுக்குப் பெரும்பாலான கார்களில் 20 முதல் 25 நியூட்டன் மீட்டர், 10 மி.மீ. என்றால் 40-ஐ ஒட்டி. 25 நியூட்டன் மீட்டர் என்பது, 20 செ.மீ. நீள ஸ்பேனரின் நுனியில் சுமார் 13 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம். அவ்வளவே. அரை மீட்டர் கைப்பிடியில் உடம்பைச் சாய்த்து இழுத்தால் இதைப்போல ஆறேழு மடங்கு போய்விடும். டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் 'க்ளிக்' சொல்லும் ஸ்பேனர்) இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று சொல்வது இதற்காகத்தான். மேனுவலில் எந்த அலகு என்றும் பாருங்கள். 25 அடி-பவுண்டு என்று இருப்பதை நியூட்டன் மீட்டரில் வைத்தால் தளர்வாக நிற்கும், ஏனென்றால் அது 34 நியூட்டன் மீட்டர். மாற்றி வைத்தால் ஸ்டட் போகும்.

டார்க் ரெஞ்ச்சும் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். நட்டைத் திருக நாம் போடும் சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போய்விடுகிறது: பாதி நட்டின் அடிப்பரப்பில், இன்னொரு பெரும்பங்கு மரையில். மிச்சமுள்ள ஒரு பங்குதான் ஸ்டட்டை இழுத்து கேஸ்கெட்டை அழுத்துகிறது. ஆக மரையில் துருவும் கரியும் இருந்தால், ரெஞ்ச் 25-இல் 'க்ளிக்' சொல்லும். உள்ளே பிடிப்பே இருக்காது. நேர்மாறாக, மரை இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசை தடவியிருந்தால் அதே 25-இல் பிடிப்பு மிகையாகி ஸ்டட் நீண்டுவிடும். மேனுவல் காய்ந்த மரைக்கு எண் தந்து, நீங்கள் பசை தடவினால், நான்கில் ஒரு பங்கு குறைத்துக்கொள்வது பாதுகாப்பு. பசை தேவை என்று மேனுவலே சொல்லியிருந்தால் குறைக்க வேண்டாம். பசையில் நிக்கல் கலந்த வகை எக்ஸாஸ்ட் சூட்டைத் தாங்கும். சாதாரண கிரீஸ் கருகிக் கெட்டியாகி, அடுத்த முறை கழற்றும்போது நட்டோடு ஸ்டட்டையும் சேர்த்துக் கொண்டுவரும்.

உங்கள் வண்டியில் இப்போது செய்ய வேண்டியது, இருக்கும் நட்டுகளை மீண்டும் இறுக்குவது அல்ல. மேனிஃபோல்டை இறக்க வேண்டும். ஒரு முறை அழுந்தி, பிறகு கசிந்த கேஸ்கெட் மறுபடி அடைக்காது. கசிவு ஓடிய பாதையில் அது அரித்திருக்கும்.

இன்ஜின் முழுக்க ஆறியிருக்கட்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விடுங்கள். கழற்றும்போது ஆறு முக சாக்கெட் மட்டும். பன்னிரண்டு முகம் தேய்ந்த நட்டை வட்டமாக்கிவிடும். நகர மறுக்கும் நட்டை ஒரேயடியாகத் தளர்த்தப் பார்க்காமல், முதலில் மயிரிழை இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி கொஞ்சம் இறுக்கி என்று முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். துரு பொடியாகி எண்ணெய் உள்ளே இறங்கும். இதற்கு டார்க் ரெஞ்ச்சைப் பயன்படுத்தக் கூடாது. அது இறுக்குவதற்கான கருவி.

உடைந்த ஸ்டட்டில் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம்தான். அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்பக்கமாக வெல்டிங் செய்து திருகினால் வந்துவிடும். வெல்டிங் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஹெட்டோடு சமமாக உடைந்திருந்தால், அலுமினிய ஹெட்டில் கை மின்துளைப்பானை வைத்து நீங்களாக முயல வேண்டாம். துளை ஒரு பக்கம் சாய்ந்தால் மரை முழுவதும் போகும். பிறகு ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்த ஒரு வேலையை மட்டும் கைதேர்ந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

மேனிஃபோல்ட் கையில் இருக்கும்போது அதன் முகத்தில் ஒரு நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜ் (இடுக்கை அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கப்பட்டது என்பதால் உங்கள் மேனிஃபோல்ட் வளைந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. மேனுவல் சொல்லும் வரம்பைத் தாண்டினால் முகத்தைக் கடைந்து சமப்படுத்த வேண்டும். வளைந்ததை நட்டால் இழுத்து நிமிர்த்த நினைத்தால், அதே ஓரத்து ஸ்டட் மறுபடி உடையும். இரு முகங்களிலும் பழைய கேஸ்கெட் துணுக்கு ஒட்டியிருக்கக் கூடாது. ஹெட் அலுமினியம் என்பதால் சுரண்டுவது மென்மையாக இருக்கட்டும்.

ஸ்டட்டுகள் எல்லாவற்றையும் புதிதாகவே போடுங்கள். உடைந்ததோடு இருந்த மற்றவையும் அதே மிகை இறுக்கத்தில் நீண்டவைதான். ஹெட்டின் மரையைச் சுத்தம் செய்ய மரை வெட்டும் டேப் வேண்டாம், அது உலோகத்தையும் கொஞ்சம் எடுத்துவிடும். மரையைத் துலக்கும் சேஸர் போதும். நட்டிலும் கவனம் தேவை. நைலான் வளையம் உள்ள நட் இங்கே உருகிவிடும். ஸ்பிரிங் வாஷர் சூட்டில் துவண்டுபோகும். மேனிஃபோல்டுக்கென்று வருபவை பெரும்பாலும் செம்பு பூசிய, மரை லேசாக நசுக்கப்பட்ட பூட்டு நட்டுகள். அந்த நசுக்கல்தான் அதிர்வில் கழலாமல் பிடிப்பது. ஒரு முறை கழற்றினால் அது தளர்ந்துவிடும். ஆகவே அவையும் புதியவை.

மாட்டும்போது கேஸ்கெட்டோடு சிலிக்கான் பசை எதுவும் சேர்க்காதீர்கள். மேனிஃபோல்ட் சூட்டை அது தாங்காது. போதாததற்கு, சிலிக்கான் ஆவி, புகையில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கெடுக்கும்.

எல்லா நட்டையும் முதலில் விரலால் திருகி உட்கார வையுங்கள். பிறகு நடு நட்டில் தொடங்கி, அதன் இடம், வலம் என்று மாறி மாறி வெளிப்பக்கம் போய், ஓரத்தில் முடியுங்கள். முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாவது சுற்றில் முழு அளவு, மூன்றாவது சுற்றில் அதே அளவை ஒருமுறை சரிபார்ப்பது. ஓரத்தில் தொடங்கினால் நடுவில் உள்ள மேடுபள்ளம் தப்ப வழியின்றி உள்ளேயே சிக்கிக்கொள்ளும். நடுவிலிருந்து போனால் போர்வையின் சுருக்கத்தை நீவித் தள்ளுவதுபோல அது ஓரமாக வெளியேறும். ரெஞ்சை நிதானமாக ஒரே இழுப்பில் இழுங்கள். ஒரு 'க்ளிக்' கேட்டதும் நிறுத்துங்கள். நிச்சயத்துக்காக இன்னொரு 'க்ளிக்' என்பது கூடுதல் இறுக்கம்தான்.

அடியில் உள்ள ஸ்பிரிங் போல்ட்டுக்கு வருகிறேன். அதை 'ஒரு பிடி' இறுக்கவே கூடாது. இன்ஜினைக் குறுக்காக வைத்த கார்களில், ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போதும் விடும்போதும் இன்ஜின் முன்னும் பின்னும் சாயும். பைப் அதோடு சேர்ந்து வளைய ஒரு மூட்டு வேண்டும். அதற்காகக் கிண்ணம் போன்ற முகமும், வளையமான கேஸ்கெட்டும், ஸ்பிரிங்கும் வைத்திருக்கிறார்கள். அந்த போல்ட்டின் தண்டில் ஒரு படி இருக்கும். படி போய் முட்டும் வரை திருகி, குறித்த டார்க் வைத்தால் ஸ்பிரிங்குக்குத் தேவையான அழுத்தம் தானாக அமைந்துவிடும். படி இல்லாத சாதாரண போல்ட்டை யாராவது மாற்றிப் போட்டு, ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி இறுக்கியிருந்தால் மூட்டு மூட்டாக இராது. அந்த அசைவு எல்லாம் மேனிஃபோல்டுக்கும் அதன் ஸ்டட்டுக்கும் ஏறும். உங்கள் ஓரத்து ஸ்டட் உடைந்ததில் இதற்கும் பங்கு இருக்கலாம். போல்ட்டைக் கழற்றி, படி இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

பின்னால் போகும் பைப், சைலன்சர் பகுதியைத் தொட்டிருந்தால் அங்கேயும் ஒரு ஒழுங்கு உண்டு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போக வேண்டாம், ஸ்டாண்டு கட்டாயம். ரப்பர் ஹேங்கர்களில் முழு பைப்பையும் தொங்கவிட்டு, எல்லா இணைப்பையும் தளர்வாகவே விட்டு, எதிலும் உரசாமல் இயல்பாக நிற்கும்படி சரிசெய்த பிறகு, முன்னாலிருந்து பின்னாக இறுக்கிக்கொண்டு போங்கள். இரண்டு போல்ட் ஃபிளாஞ்சில் (பைப்புகள் சேரும் தட்டை விளிம்பில்) ஒன்றை முழுக்க இறுக்கிவிட்டு மற்றதற்குப் போனால் கேஸ்கெட் ஒரு பக்கம் வாய் பிளக்கும். மாறி மாறி, இரு பக்க இடைவெளியும் ஒரே அளவா என்று கண்ணால் பார்த்தபடி இறுக்குங்கள்.

ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றியிருந்தால், ஆன்டி-சீஸ் அதன் மரையில் மட்டும். நுனியில் பட்டால் சென்சார் போயிற்று. புதிய சென்சார்களில் பெரும்பாலும் பூசியே வரும். சென்சாருக்கு முன்னால் எங்கே கசிந்தாலும் சத்தத்தோடு நிற்காது. புகை துடிப்புக்குத் துடிப்பு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். ஆக்சிஜன் மிகுதி என்று சென்சார் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டும். மைலேஜ் குறையும், நாள்பட்டால் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் சேர்ந்து பாழாகும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை என்பதால், அடைத்த ஷெட்டுக்குள் வைத்து இன்ஜினை ஓட விட்டுச் சோதிக்காதீர்கள்.

சோதனைக்கு இன்ஜினே தேவையில்லை. ஆறிய வண்டியின் டெயில் பைப்பில், காற்றை வெளியே ஊதும்படி மாற்றிய வேக்வம் கிளீனர் குழாயைத் துணி சுற்றி வையுங்கள். கேஸ்கெட் ஓரங்களிலும் ஃபிளாஞ்சுகளிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. ஸ்பிரிங் மூட்டிலும் ஒரு பைப்புக்குள் மற்றது நுழையும் ஸ்லிப் இணைப்பிலும் ஓரிரண்டு சின்னக் குமிழி வந்தால் பொருட்படுத்த வேண்டாம். மேனிஃபோல்டில் வரக் கூடாது.

வண்டியை நன்றாகச் சூடேறும் வரை ஒரு முறை ஓட்டி, முழுக்க ஆறிய பின், மேனிஃபோல்ட் நட்டுகளைக் குறித்த அதே டார்க்கில் நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று பார்க்கலாம். கிராஃபைட் கேஸ்கெட் என்றால் இது அவசியம்; அது முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும். பல அடுக்கு எஃகு கேஸ்கெட் என்றால், மேனுவல் கேட்டால் மட்டும். சரிபார்த்ததும் நட்டிலிருந்து மேனிஃபோல்ட் வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அடுத்த தடவை பானெட்டைத் திறக்கும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால் போதும், ஸ்பேனர் வைக்க வேண்டியதில்லை.